திருடன் பிறக்கிறானா?

வைகாசித் திங்களில் வரதராசர் கோயில் கருட சேவைக்குக் காஞ்சியிலே கூட்டம் கூடும். எள் விழ இடமிராது. ஒலிபெருக்கியில் ஓயாமல் ஒரு குரல் கேட்கும்: "கூட்டத்தில் திருடர்கள் இருக்கிறார்கள், நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!" குரல் காதில் விழுந்ததும் கை மடியைத் தொட்டுப் பார்க்கிறது. தொடட்டும், அது கையின் கடமை. கண் எங்கே போகிறது, தோழர்களே? சரிகை அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் நிற்கும் பெரிய மனிதரிடமா? காரிலிருந்து இறங்கி, வரிசையில் நில்லாமல் தனி வாசலில் நுழைகிறவரிடமா? இல்லை! பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்ணிடம் போகிறது. மதிலோரம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் இருளர் குடும்பத்திடம் போகிறது. அழுக்கு வேட்டியிடம் போகிறது.

யார் கற்றுக்கொடுத்த பாடம் இது? நாம் எந்தக் கல்லூரியிலும் குற்றவியல் படித்தவர்களல்லர். ஆயினும், குற்றம் செய்பவன் யார், ஏன் செய்கிறான் என்ற கேள்விக்கு ஒரு விடை நம் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் குடியிருக்கிறது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுகிறவர்கள் பிறப்பால் திருடன் என்றும் பேசுவார்கள்; அதிலே நமக்கு வியப்பில்லை. நமக்கு வருத்தம் தருவது வேறு. மேடையிலே சாதி ஒழிக என்று முழங்கிவிட்டு இறங்கி வருகிற நம் தோழர்களில் சிலரே, தெருவில் ஒரு தறிச் சாமான் காணாமற்போனால், "அந்தச் சாதிக்காரன் வேலையாகத்தான் இருக்கும், அவன் இரத்தத்திலேயே ஊறியது" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

'இரத்தத்தில் ஊறியது' என்பது திண்ணைப் பேச்சு மட்டுமல்ல. ஒரு காலத்தில் அது இந்த நாட்டின் சட்டம். 1871-இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறப்பித்தது. அப்போது சொல்லப்பட்ட வாதத்தை நெசவாளத் தோழர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். இந்தியாவில் தொழில் சாதிவழியே நடக்கிறது. இன்று தச்சு வேலை செய்யும் குடும்பம் நூறாண்டு கழித்தும், ஐந்நூறாண்டு கழித்தும் தச்சு வேலையே செய்யும். அதுபோலத் திருட்டையே தொழிலாகக் கொண்ட சாதிகளும் உண்டு, அவற்றில் பிறந்தவன் திருடியே தீருவான்! இதுதான் வாதம். மனுவும் விக்டோரியா ராணியின் சட்ட நிபுணரும் கைகோத்துக்கொண்ட இடம் இது.

1911-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்தில் முழு வேகத்தோடு பாய்ந்தது. கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். குற்றம் செய்தாயா என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் தாய் வயிற்றில் பிறந்தாய் என்று கேட்டார்கள். மதுரைச் சீமையிலே பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி பேசியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு பெண்ணும் அவர்களில் உண்டு.

குறவர் கதையைக் கேளுங்கள். அவர்கள் மாடுகளின் முதுகில் உப்பு மூட்டை ஏற்றிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றி வந்த வணிகர்கள். வெள்ளையன் உப்பைத் தன் ஏகபோகமாக்கினான். பிறகு இரயில் வந்தது. மாட்டு முதுகில் ஏறிய மூட்டை இரயில் வண்டியில் ஏறியது. மேய்ச்சல் காடும் அரசுக் காடாயிற்று. பிழைப்பைப் பறித்துக்கொண்டு, பிழைப்பில்லாமல் அலைகிறவனைப் பார்த்து, "நீ ஏன் அலைகிறாய்? அலைகிறவன் திருடன்" என்றான் அதிகாரி. பின்னர் குடியேற்ற முகாம்களில் அடைத்து, ஆலைகளுக்கும் கல்லுடைக்கும் இடங்களுக்கும் மலிவான கூலியாட்களாக அனுப்பினார்கள். திருடனைத் திருத்துகிறோம் என்றது அரசு. ஆலைக்கு ஆள் கிடைத்தது! மீனா இராதாகிருஷ்ணா என்னும் ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றைப் பழைய அரசுப் பதிவேடுகளிலிருந்தே எடுத்து விரித்திருக்கிறார்.

1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்ட் 31 முதல் நாடெங்கும் ஒழிந்தது. சட்டம் செத்தது, அதன் ஆவி மட்டும் சாகவில்லை. நமக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்த ஓர் ஆவியை நாம் காவல் நிலையத்து வாசலில் அன்றாடம் பார்க்கிறோம்.

அந்தத் தச்சன் வாதம் என்னவாயிற்று? நூறாண்டு கடந்து ஐம்பதாண்டும் ஆயிற்றே! காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துக்குப் போய்ப் பாருங்கள். பாட்டன் நெய்தான், தந்தை நெய்தான். மகன் எங்கே? விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போய்விட்டான். காரின் கதவைப் பொருத்துகிறான். நாலு தலைமுறை நெசவு இரத்தத்தில் ஊறியிருந்தால் ஒரு சம்பளச் சீட்டு அதை எப்படி வடித்துவிட்டது? நெசவு இரத்தத்தில் இல்லை, தறியில் இருந்தது. கூலி குறைந்தது, தறியை விட்டான். இது நெசவாளிக்குப் பொருந்துமானால் மற்றவனுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாது?

மேல்நாட்டிலும் இந்த மூடத்தனம் இருந்தது. அங்கே அது விஞ்ஞானி வேடம் பூண்டு வந்தது. இத்தாலியில் லொம்புரோசோ என்று ஒரு மருத்துவர். கைதிகளின் மண்டையை அளந்தார், தாடையை அளந்தார், காதை அளந்தார். குற்றவாளி என்பவன் பரிணாம ஏணியில் கீழ்ப்படியில் நின்றுவிட்ட ஒரு தனிப் பிறவி, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று 1876-இல் நூல் எழுதினார். உலகமே வாய்பிளந்து கேட்டது. இங்கிலாந்தில் கோரிங் என்ற சிறை மருத்துவர் அதை நம்பவில்லை. சிறைக் கைதிகள் ஏறத்தாழ மூவாயிரம் பேரை அளந்தார், சிறைக்கு வெளியே இருந்தவர்களையும் அளந்து ஒப்பிட்டார். லொம்புரோசோ சொன்ன தனிப் பிறவி எங்கும் தென்படவில்லை என்று 1913-இல் எழுதி அந்தக் கடையை மூடினார். நம் ஊரில் மட்டும் இன்னும் மூடவில்லை. அளவுகோல் இல்லாமலே அளந்துகொண்டிருக்கிறோம்.

பெல்ஜியத்திலே கெத்தெலே என்று ஒரு கணித அறிஞர். 1830-களில் பிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார். கொலை இத்தனை, திருட்டு இத்தனை என்று ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே கணக்கு! திருடுகிறவன் ஆண்டுக்கு ஆண்டு வேறு. எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. தனி மனிதனின் கெட்ட புத்திதான் காரணமென்றால் கணக்கு ஏன் இப்படி வரிசை தவறாமல் வருகிறது? சமுதாயமே குற்றத்தைச் சமைத்து வைக்கிறது, குற்றவாளி அதைப் பரிமாறும் கை மட்டுமே என்ற கருத்து அங்கேதான் பிறந்தது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஆய்வு இன்னும் சுவையானது. ஷா, மெக்கே என்ற இருவர் பல்லாண்டுக் காலத்துச் சிறார் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, எந்தச் சிறுவன் எந்தத் தெரு என்று நகரப் படத்தில் புள்ளி வைத்தார்கள். ஆலைகளை ஒட்டிய சிதைந்த பேட்டைகளில் புள்ளி அடர்ந்திருந்தது. முதலில் அங்கே ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் குடியிருந்தார்கள். பிறகு போலந்துக்காரர், இத்தாலியர் வந்தார்கள். அப்புறம் கறுப்பின மக்கள் வந்தார்கள். இனம் மாறியது, மொழி மாறியது. குற்றக் கணக்கு மட்டும் அதே தெருவில் உட்கார்ந்திருந்தது! அங்கிருந்து நல்ல தெருவுக்குக் குடிபெயர்ந்த இனத்தாரிடமோ குற்றம் குறைந்தது. 1942-இல் அந்த நூல் வந்தது. குற்றம் இரத்தத்தில் இருந்திருந்தால் ஆளோடு போயிருக்கும். அது போகவில்லை. ஒழுகும் கூரையோடும், மூடிய ஆலையோடும், பள்ளிக்கூடமில்லாத சந்தோடும் அங்கேயே தங்கிவிட்டது.

"அப்படியானால் வறுமைதான் காரணம், வேலை முடிந்தது" என்று எழுந்து போய்விடாதீர்கள், தோழர்களே. மேடையில் அவ்வளவு சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதிரி ஒரு கேள்வி கேட்பான்: "ஏழைகளெல்லாம் திருடுகிறார்களா?" இல்லை. திருடுவதில்லை. இதற்குக் காஞ்சியைவிடச் சாட்சி வேறு வேண்டியதில்லை.

கூலி நெசவாளியின் வீட்டைப் பாருங்கள். முதலாளி பட்டையும் சரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கிறார். நல்ல சரிகையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெள்ளி. அரைப் பங்கு அளவில் தங்கமும் உண்டு. அது நாட்கணக்கில், வாரக்கணக்கில், பூட்டில்லாத வீட்டில், தறிக்குழிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கக் காசில்லாத நாளிலும் கிடக்கிறது. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் முகூர்த்தத்துக்காக அவன் நெய்கிற சேலையைத் தன் மகளுக்கு எடுத்துத்தர அவனால் முடியாது. மழைக்காலத்தில் பட்டு ஈரத்தை இழுத்து எடை கூடும், கோடையில் குறையும், அறுந்த இழை, கழிவு என்று சேதாரமும் உண்டு. அத்தனையும் முதலாளிக்குத் தெரியும். ஆனாலும் முடிந்த சேலையைத் தராசில் வைக்கும்போது முள் சற்றுச் சாய்ந்தால் கூலியில் பிடித்தம். கூடவே ஒரு பார்வை. அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு அவன் மறுநாளும் அந்த வெள்ளியை நெய்கிறான். ஏன் திருடவில்லை?

டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்கர் 1969-இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்று கேட்காதீர்கள், ஏன் செய்யாமல் இருக்கிறான் என்று கேளுங்கள் என்றார். வீடு, பள்ளி, வேலை, உறவு, ஊர் என்று பலவகைக் கட்டுகள் மனிதனைப் பிணைத்திருக்கின்றன. கட்டு அறுந்தவன்தான் வழி தவறுகிறான் என்பது அவர் விடை. காஞ்சி நெசவுத் தெருவுக்கு இது பொருந்துகிறது. கணவன் நெய்ய, மனைவி நூல் சுற்ற, அண்டை வீட்டான் பாவு பிணைக்க, சங்கத்தில் பங்குத்தொகை போட்டு, கூட்டுறவுக் கடையில் கணக்கு வைத்து, ஒருவனை ஒருவன் அறிந்து வாழும் தெரு அது. அறிஞர் அண்ணா பிறந்தது இப்படி ஒரு நெசவாளர் குடியில்தான். கூட்டுறவுச் சங்கம் சேலை விற்கும் கடை மட்டுமன்று. அது ஒரு காவல் நிலையத்துக்குச் சமம், காக்கிச் சட்டையும் லத்தியும் இல்லாத காவல் நிலையம். அந்தச் சங்கத்தில் கூலி தாமதமாகிறது, சேலை தேங்குகிறது, தறி நிற்கிறது என்றால், நிற்பது தறி மட்டுமா? கட்டும் அறுகிறது.

கட்டு அறுந்த இளைஞன் எங்கே போவான்? இராபர்ட் மெர்ட்டன் 1938-இல் இதற்கு விடை எழுதினார். சமுதாயம் எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டுகிறது: பணம், வீடு, வண்டி, மரியாதை. ஆனால் அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டுமே திறந்து வைக்கிறது. வழி அடைபட்டவர்களில் பெரும்பாலோர் முணுமுணுத்தபடி பழைய பாதையில் நடக்கிறார்கள். சிலர் போதையில் விழுகிறார்கள். சிலர் எதிர்த்துப் போராடுகிறார்கள், அவர்கள் நம்மைப்போன்றவர்கள். இன்னும் சிலர் குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

குறுக்கு வழிக்கும் குரு வேண்டும். எட்வின் சதர்லண்ட் என்பவர் சொன்னது அதுதான்: குற்றம் கற்றுக்கொள்ளப்படுவது, நெசவைப் போலவே. யாரோடு பழகுகிறாயோ அவர்களிடமிருந்து தொழிலையும் கற்கிறாய், அதற்கான நியாயத்தையும் கற்கிறாய். காஞ்சிக்காரர்களுக்கு ஓர் ஆளை நினைவிருக்கும். கள்ளச்சாராயத்தில் தொடங்கி, நில விவகாரங்களில் கோடிகளைக் குவித்ததாக வழக்கு மேல் வழக்குச் சுமத்தப்பட்டு, கடைசியில் 2017-இல் கம்போடியாவில் போய் மாண்டவர். அவர் வளர்ந்த காலம் எது? இந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்து, ஏரிக்கரைப் புன்செய்கூடப் பொன்விலை விற்ற காலம். ஒரு தனி ஆள் கத்தியைக் காட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். கத்தி நிலத்தைப் பதிவு செய்யுமா? பத்திரம் எழுதியது எந்தக் கை? முத்திரை குத்தியது எந்தக் கை? கத்தி காட்டியவனைப் பற்றி ஊரெல்லாம் கதை இருக்கிறது. பேனா பிடித்தவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

அந்தப் பேனாவைப் பற்றியும் சதர்லண்ட்தான் பேசினார். 1939-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராக எழுந்து நின்று, குற்றமென்றால் ஏழையையே பார்க்கிறீர்களே, வெள்ளைச் சட்டைக்காரன் செய்யும் குற்றத்தை ஏன் எண்ணுவதில்லை என்று கேட்டார். பிறகு எழுபது பெரிய கம்பெனிகளின் வழக்குகளைத் தொகுத்து 1949-இல் நூலாக்கினார். என்ன நடந்தது தெரியுமா? வழக்கு வருமென்று பதிப்பாளர் அஞ்சினார். கம்பெனிகளின் பெயர்களை நீக்கிய பிறகே நூல் வந்தது! பெயர்களோடு கூடிய முழு நூல் வெளிவர 1983 வரை ஆயிற்று. அதற்குள் அவர் மறைந்து முப்பதாண்டுக்கு மேலாகிவிட்டது. கோழி திருடியவன் பெயர் மறுநாள் ஏட்டில், தகப்பன் பெயரோடு வருகிறது.

பட்டுக்கே வருவோம். விசைத்தறியில் ஓட்டிய துணியைக் கைத்தறிக் காஞ்சிப் பட்டு என்று விற்பதும், செம்புக் கம்பிக்கு மெருகேற்றிச் சுத்தச் சரிகை என்று விற்பதும் என்ன? கைத்தறிக்கென்று ஒதுக்கிய சேலையை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985-இலேயே சட்டம் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படி இருந்தும் போலிச் சேலை விற்றவர் தெருவில் கையைக் கட்டி நிறுத்தப்பட்டதை நீங்கள் பார்த்ததுண்டா? அகப்பட்டவனுக்கு அட்டமத்தில் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்தில் ராஜா என்பார்கள். நமக்குச் சோதிடம் வேண்டாம். ஆனால் எவன் அகப்படுகிறான், எவனுக்கு ஓடவே தேவையில்லை என்று கணக்கெடுத்தால் போதும்.

இலண்டன் நகரில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்று ஒரு பட்டு நெசவாளர் பேட்டை இருந்தது. அதை அந்நாட்டுக் காஞ்சி எனலாம். 1760-களில் கூலி குறைக்கப்பட்டபோது நெசவாளர்கள் போராடினார்கள். குறைந்த கூலிக்கு நெய்த தறிகளில் புகுந்து பட்டை அறுத்தார்கள். தறியில் உள்ள பட்டை அறுத்தால் தூக்கு என்று 1765-இல் சட்டம் செய்தார்கள். 1769 டிசம்பரில் இருவரைத் தூக்கிலும் போட்டார்கள். வழக்கமான தூக்குமேடையில் அல்ல. நெசவாளர் குடியிருப்பின் நடுவே, ஒரு மதுக்கடைக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும்படி! நான்காண்டு கழித்து, 1773-இல், கூலியை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. கயிறு முந்திக்கொண்டது, கூலி பிந்திக்கொண்டது.

எது குற்றம் என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதே பாதி விடை. இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தார்கள், தோலை விற்றார்கள். தோல் எங்கே போயிற்று? சீமாட்டிகளின் கைப்பையாக மாறக் கப்பலேறிப் போயிற்று. கம்பெனிகள் கொழுத்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970-களின் நடுவிலே தோல் வணிகம் தடைபட்டது. தடையை நாம் குறை சொல்லவில்லை. பாம்பும் வாழத்தான் வேண்டும். ஆனால் நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவன் இன்று விடிந்ததும் குற்றவாளியாகிவிட்டான். அவன் மாறவில்லை, பாம்பு மாறவில்லை, ஏடு மாறியது. பிறகு 1978-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்துக் கொடுத்தார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அது மூலப்பொருள் ஆயிற்று. 2023-இல் அந்த மக்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அதே கை, அதே பாம்பு! இடையில் வந்தது ஒரு கூட்டுறவுச் சங்கம்.

இதே இருளர் மக்களின் இன்னொரு செய்தி. 2019 சூலை மாதம். காஞ்சியில் அத்திவரதர் நாற்பதாண்டுக்கு ஒருமுறை குளத்தைவிட்டு வெளிவந்த மாதம். 48 நாட்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். குடியரசுத் தலைவர் வந்தார், அமைச்சர்கள் வந்தார்கள், ஒலிபெருக்கி அலறியது. அந்தக் கூட்டத்தின் நடுவே, சூலை 10-ஆம் நாள், காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அடுத்த வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த்துறையினர் மீட்டார்கள். கொத்தடிமைகள்! குழந்தைகளும் இருந்தார்கள். ஒருவர் வாங்கிய கடன் ஆயிரம் ரூபாய் என்று ஏடுகள் எழுதின. அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கடன் தீரவில்லை. முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படம் ஏடுகளில் வந்தது. அத்திவரதர் காலில் விழ ஒரு கோடிப் பேர். இந்த முதியவருக்கோ அதிகாரிதான் அன்றைய தெய்வம்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். இரவில் வீடு புகுந்து திருடினால் பதினான்கு ஆண்டு வரை சிறை. ஒரு குடும்பத்தின் உழைப்பை ஆண்டுக்கணக்கில் திருடினால்? 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். அத்திவரதரைப் பார்க்க வந்த கூட்டத்தில் எந்தக் கண்ணாவது மரக்கடை முதலாளியின் பக்கம் திரும்பியிருக்குமா? இருளர் குடும்பத்தின் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

நம் இலக்கியத்தில் இது புதுச்செய்தியல்ல. அரசன் வீட்டுச் சிலம்பை எடுத்தவன் அரண்மனைக்கு வேண்டிய பொற்கொல்லன். வெட்டுண்டவன் ஊருக்குப் புதியவனான கோவலன். மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்வியில் வெட்டப்பட இருந்த பசுவை மீட்டான். அவனுக்குக் கிடைத்த பட்டம் பசுத்திருடன்! வெட்ட நினைத்தவர்கள் வேதியர்கள். அவர்களுக்கு எந்தப் பட்டமும் இல்லை. அதே காப்பியத்தில் மணிமேகலை புகாரிலே சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் செய்கிறாள். பின் பஞ்சம் வாட்டிய இந்தக் காஞ்சிக்கு வந்து பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை நாம் நம்பவேண்டியதில்லை. சிறையையும் சோற்றையும் ஒரே கதையில் முடிச்சுப் போட்டானே சாத்தன், அந்த முடிச்சைக் கவனித்தால் போதும்.

காஞ்சியைச் சுற்றியிருந்த பாழடைந்த கோயிலொன்றின் யோகினிச் சிலைகள் 1920-களில் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் வழியாகப் பாரிஸ் வணிகரிடம் போய், இன்று வாஷிங்டன், இலண்டன் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. பேராசிரியர் எடுத்தால் சேகரிப்பு. நம் ஊர்க் குப்பன் ஒரு செங்கல்லை எடுத்தால்?

ஒருவனைத் திருடன் என்று முத்திரை குத்துவதே அவனைத் திருடனாக்கும் வழி என்று ஓவர்டு பெக்கர் 1963-இல் எழுதினார். முத்திரை விழுந்தவனுக்கு வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது. அவனைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டம் ஒன்றுதான் மிச்சம். நம் நாட்டில் முத்திரை ஒருவன் நெற்றியில் விழுவதில்லை, ஊர் முழுவதன் நெற்றியிலும் விழுகிறது. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டு வழக்கென்று கொண்டுபோகப்பட்ட குறவர் இனத்து இராசாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி அஞ்சாமல் நின்றார். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான சந்துரு அன்று வழக்கறிஞராக நின்றார். கட்சித் தோழர்கள் நின்றார்கள். உண்மை வெளிவந்தது. 2021-இல் 'ஜெய்பீம்' படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் இலட்சக்கணக்கானோர். படம் முடிந்து வெளியே வந்ததும் கை மடியைத் தொட, கண் பழைய இடத்துக்கே போயிற்று!

சிறைக்குள்ளும் இதே கதை. கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை கொடுப்பதையும், குற்றப் பரம்பரை என்று முன்பு முத்திரை குத்தப்பட்டவர்களைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் சிறை விதிகளையும் எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா வழக்குத் தொடுத்தார். 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விதிகள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. 1871-இல் எழுதியதை அழிக்க 2024 ஆயிற்று.

திருட்டுக் கொடுத்தவனின் துயரத்தை நாம் மறந்து பேசுவதாக எண்ணவேண்டாம். பாவோடு பட்டைப் பறிகொடுத்த நெசவாளி ஆறுமாதக் கூலியைக் கடனாகச் சுமப்பான். அவனுக்காகக் காவல் நிலையப் படியேறுவதும் நம் தோழர்களின் வேலைதான். ஏறும்போது ஒரு சாதியின் பெயரை எடுத்துக்கொண்டு ஏறவேண்டாம் என்கிறோம். எவனைப் பிடித்தாலும் 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்தவேண்டும், உறவினருக்குச் சொல்லவேண்டும், போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை மெய்ப்பிக்க முடியாது, பொழுது சாய்ந்தபின் பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான நிலையில் பெண் அதிகாரியும் நீதிபதியின் முன் அனுமதியும் வேண்டும். இவற்றைக் கிளைக் கழகக் கூட்டத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். காஞ்சியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்கறிஞரை இலவசமாகத் தருகிறது. போய்க் கேட்பார் வேண்டும்.

மரம் வெட்டுமிடம், செங்கற்சூளை, அரிசி ஆலை எங்கேயாவது முன்பணத்துக்காக ஆளை வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால் கோட்டாட்சியருக்கு எழுதிக்கொடுங்கள். மீட்டு விட்டார்கள், படம் வந்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் விடுதலைச் சான்றிதழ் வந்ததா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்த உதவியும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆளுக்கு ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் உடனே கிடைப்பது 2022 முதல் முப்பதாயிரம்தான். மிச்சத்தொகை, அடிமைப்படுத்தியவன் மீதான வழக்கு முடிந்து, அவன் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு. வாய்தா நாளில் சாட்சி சொல்ல மரம் வெட்டியவர் காஞ்சி நீதிமன்றத்துக்கு வரவேண்டும். அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேறு. அந்த நாளில் அவரோடு வந்து நிற்க உங்கள் வட்டத்திலிருந்து இரண்டு பேர் புறப்பட முடியுமா?